பீட்டா எச்.சி.ஜி: ஒரே ஒரு எண்ணை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?

ஆலோசனை_அறை

கருத்தரிப்பு மையங்களிலும் மகப்பேறு பிரிவுகளிலும் ஒரே கேள்வி பல குரலில் வருகிறது: “பீட்டா 86 வந்திருக்கு, நல்லதா?” கேட்பவர் கையில் ஒரு தாள், அதில் ஒரே ஒரு எண்: கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு என்பது. இணையத்தில் தேடினால் ‘இரண்டு நாளில் இரட்டிப்பாக வேண்டும்’ என்ற வரி கிடைக்கும். அதை மனதில் போட்டுக்கொண்டு அடுத்த ரத்தப் பரிசோதனை வரை தூங்காமல் இருப்பார்கள்.

ஆய்வகம், ஸ்கேன், ஊசி என எல்லாப் பக்கமும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் மூன்று கேள்விகளை வைக்கிறேன். இரட்டிப்பு விதி எவ்வளவு சரி? முட்டை வெடிக்க ஊசி போட்டவர்கள் எத்தனை நாள் கழித்து சிறுநீரில் பார்க்கும் கர்ப்ப கிட்டில் பார்க்கலாம்? கர்ப்பம் நிற்பதற்கென்று வாரம் ஒரு எச்.சி.ஜி ஊசி போடுகிறார்களே, அது தேவையா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

தாய்சேய்_மருத்துவர்

இந்த ஹார்மோன் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். முட்டை வெளியேறியதும் சினைப்பையில் மிஞ்சும் பை கார்பஸ் லூட்டியமாக மாறி புரொஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. அதன் ஆயுள் ஏறத்தாழ 14 நாள். கரு தங்கவில்லை என்றால் அது சுருங்கிவிடும், மாதவிடாய் வரும். கரு கர்ப்பப்பைச் சுவரில் பதிந்தால், அதன் வெளிப்புறச் செல்கள், அதாவது பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகிறவை, எச்.சி.ஜியைத் தாயின் ரத்தத்தில் விடத் தொடங்குகின்றன. மூளையடிச் சுரப்பியின் எல்.எச் ஹார்மோன் எந்த ஏற்பியில் ஒட்டுமோ அதே ஏற்பியில் இதுவும் ஒட்டி, கார்பஸ் லூட்டியத்தைச் சுருங்கவிடாமல் வைத்திருக்கிறது.

இந்தக் காவல் சில வாரங்களுக்குத்தான் தேவை. 7 முதல் 9 வாரத்துக்குள் புரொஜெஸ்ட்ரோன் சுரக்கும் வேலையை நஞ்சுக்கொடியே எடுத்துக்கொள்ளும். 1970களில் சாப்போ என்ற மருத்துவ ஆய்வாளர் செய்த ஆய்வுகளில், 7 வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை அகற்றியபோது கரு கலைந்தது. அதற்குப் பிறகு அகற்றியபோது கர்ப்பம் தொடர்ந்தது. (வாரக் கணக்கெல்லாம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து.)

எச்.சி.ஜி அளவு 8 முதல் 11 வாரத்தில் உச்சம் தொடும், பலருக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. பிறகு அது இறங்குவதுதான் இயல்பு. 13ஆம் வாரத்தில் யாரோ பீட்டா எடுக்கச் சொல்லி, ‘குறைந்துவிட்டதே’ என்று பதறி வருபவர்கள் உண்டு. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகு, கர்ப்பம் நன்றாக வளர்கிறதா என்று அறிய பீட்டா பார்ப்பதில் பயனே இல்லை.

ரத்தமாதிரி

டாக்டர் சொன்னதற்கு இந்தியாவிலேயே ஒரு வலுவான சான்று இருக்கிறது. டெல்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழு எச்.சி.ஜிக்கு எதிரான கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியது. 1994இல் வெளியான முடிவுகளின்படி 148 பெண்கள் பங்கேற்றார்கள். எதிர்ப்புரதம் போதுமான அளவில் இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் உண்டானது. முட்டை வெளியேறுவதோ மாதவிடாயோ கெடவில்லை. அந்தத் தொடக்க நாள்களின் எச்.சி.ஜி மட்டும் தடுக்கப்பட்டது.

இனி அளவீடு. எச்.சி.ஜியில் இரண்டு இழைகள்: ஆல்ஃபாவில் 92 அமினோ அமிலம், பீட்டாவில் 145. மூளையடிச் சுரப்பியின் எல்.எச், எஃப்.எஸ்.எச், டி.எஸ்.எச் ஹார்மோன்கள் மூன்றிலும் ஆல்ஃபா இதேதான். ஆகவே பீட்டாவைப் பிடித்து அளந்தால்தான் இது எச்.சி.ஜி என்று பிரித்துச் சொல்ல முடியும். 1972இல் வைட்டுகைடிஸ், பிரான்ஸ்டீன், ராஸ் மூவரும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இதைச் செய்துகாட்டிய பிறகே ‘பீட்டா’ சோதனை நடைமுறைக்கு வந்தது.

ரத்தத்தில் 5க்குக் கீழ் என்றால் கர்ப்பம் இல்லை, 25க்கு மேல் என்றால் உண்டு, நடுவில் இருந்தால் 48 மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். அலகு மில்லிலிட்டருக்கு மில்லி யூனிட். சில ரிப்போர்ட்டில் லிட்டருக்கு யூனிட் என்று இருக்கும், எண் மாறாது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் வாரவாரி அட்டவணையைப் பாருங்கள்: 4ஆம் வாரத்துக்கு 5 முதல் 426, 5ஆம் வாரத்துக்கு 18 முதல் 7,340 என்று போட்டிருப்பார்கள். இவ்வளவு அகலமான வரம்பை வைத்து ஒருவருடைய வாரத்தைக் கணிக்கவே முடியாது. கருப்பதிவு முட்டை வெளியேறிய 6ஆம் நாளிலும் நடக்கலாம், 12ஆம் நாளிலும் நடக்கலாம். அந்த வித்தியாசம் ஒன்றே எண்ணைப் பல மடங்கு மாற்றிவிடும்.

இன்னொன்று: இரண்டு மாதிரியும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். ஒவ்வொரு கருவியும் எச்.சி.ஜியின் வெவ்வேறு வடிவங்களை வெவ்வேறு அளவில் பிடிக்கும். திங்களன்று ஓர் இடம், புதனன்று வேறிடம் என்றால் நடுவில் உள்ள வித்தியாசம் கருவினுடையதா கருவியினுடையதா என்று சொல்ல முடியாது.

தாய்சேய்_மருத்துவர்

முதல் கேள்விக்கு வருகிறேன். 48 மணி நேரத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு ஏற வேண்டும் என்பது தொடங்கும் எண்ணைப் பொறுத்தது. 1,500க்குக் கீழே தொடங்கினால் 49 சதவீதம், 1,500 முதல் 3,000 வரை 40, 3,000க்கு மேல் 33. இவை 2018இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி தந்த வழிகாட்டுதலில் உள்ள எண்கள். முதல் பீட்டா 400 என்றால் இரண்டு நாள் கழித்து 596 வந்தாலே அது ஏற்கத்தக்க ஏற்றம். 800 ஆகவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

வார்டு_செவிலி

டாக்டர், பல இடத்துல இன்னும் 66 சதவீதம்னுதானே பார்க்கிறாங்க? அதே மாதிரி பீட்டா 1,500 தாண்டியும் ஸ்கேன்ல கருவைச் சுத்தி இருக்கிற பை தெரியலன்னா எக்டோபிக்னு, அதாவது கர்ப்பப்பைக்கு வெளியே தங்கின கர்ப்பம்னு, எழுதிடுறாங்க. கண்டிப்பா இருக்கிறது பாதுகாப்பு தானே? கருக்குழாய் வெடிச்சு வந்தா உயிருக்கே ஆபத்து.

தாய்சேய்_மருத்துவர்

உங்கள் கவலை நியாயம், சிஸ்டர். ஆனால் 66 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1981இல் காதர் குழுவின் ஆய்வு. அதில் இயல்பான கர்ப்பிணிகள் 20 பேர் மட்டுமே. அந்த வரம்பு இயல்பான கர்ப்பங்களில் 85 சதவீதத்தைத்தான் உள்ளடக்கும். மீதி 15 சதவீதம் நல்ல கர்ப்பங்களே ‘சரியில்லை’ பட்டியலில் விழும். அவர்களில் ஒருவருக்கு அவசரப்பட்டு, எக்டோபிக் கருவை அழிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டால் நல்ல கரு அழியும். பிழைத்தாலும் ஊனத்தோடு பிறக்கும் அபாயம் உண்டு. அந்த ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

1,500க்கும் இதே பதில்தான். யோனி வழி ஸ்கேனில் பை தெரிந்தே ஆக வேண்டிய அளவை இப்போது 3,500 வரை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். இரட்டையாக இருந்தால் ஒவ்வொரு பையும் சிறிதாக இருக்கும்போதே மொத்த எண் அதிகமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். நிலையாக இருக்கும் பெண்ணுக்கு 48 மணி நேரம் காத்து, திரும்ப பீட்டாவும் ஸ்கேனும் எடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

மறுபக்கம், எண் நன்றாக ஏறுவதால் எக்டோபிக் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எக்டோபிக் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எண் இயல்பான கர்ப்பம் போலவே ஏறும். வலியும் தலைசுற்றலும் இருந்தால் பீட்டா 300 ஆக இருந்தாலும் அன்றே ஸ்கேன். எண்ணைக் காட்டி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

முட்டை_ஆய்வகம்

இரண்டாவது கேள்வி என் பக்கம். எல்.எச் ரத்தத்தில் வெகு சீக்கிரம் குறைந்துவிடும். எச்.சி.ஜியின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 24 முதல் 36 மணி நேரம். ஏற்பி ஒன்றே என்பதால், இயற்கையின் எல்.எச் எழுச்சிக்குப் பதிலாக ஒரே ஊசியில் எச்.சி.ஜி போட்டு முட்டையை முதிரச் செய்கிறோம். அளவு 5,000 அல்லது 10,000 யூனிட். மரபணுத் தொழில்நுட்பத்தால் (மறுசேர்க்கை முறையில்) தயாரித்தது என்றால் 250 மைக்ரோகிராம், அது ஏறத்தாழ 6,500 யூனிட்டுக்குச் சமம்.

ஐ.வி.எஃப்பில், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறையில், நேரம்தான் எல்லாம். ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை எடுக்க வேண்டும். திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால் புதன் காலை 9 மணிக்கு 35 மணி நேரம். ஊசியை நள்ளிரவு 12க்குப் போட்டுவிட்டு 10க்கே போட்டதாகச் சொன்னால், 33 மணி நேரத்தில் கை வைப்போம். முட்டைகள் சுவரை விட்டுப் பிரியாமலும் முதிராமலும் இருக்கும். தாமதமாகப் போட்டிருந்தால் தயவுசெய்து உண்மை நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள், எடுக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். அதில் யாருக்கும் குறைவில்லை.

சினைப்பையில் முட்டை வளரும் பைகள் நிறைய இருந்தும் முட்டையே வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஊசியைத்தான்: போடவே இல்லை, தவறாகக் கலக்கப்பட்டது, மருந்து கெட்டது, நேரம் தவறியது. ஒரு பக்கச் சினைப்பையில் ஒன்றும் கிடைக்காதபோது நிறுத்தி ரத்தத்தில் பீட்டா பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் மறுபக்கத்தைத் தொடாமல், புதிதாக ஊசி போட்டு 36 மணி நேரம் கழித்து எடுக்கலாம். இதைவிட எளிய வழி, ஊசிக்கு மறுநாள் காலை வீட்டிலேயே கர்ப்ப கிட்டில் பார்ப்பது. கோடு விழுந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது.

அந்தக் கோட்டைத்தான் பலர் பிறகு கர்ப்பம் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். 5,000 யூனிட் என்றால் 10 நாள் வரை, 10,000 என்றால் 14 நாள் வரை ஊசியின் எச்.சி.ஜியே கிட்டில் தெரியலாம். ஐ.யூ.ஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) செய்தவர்கள் ஊசிக்கு 14 முதல் 16 நாள் கழித்துப் பார்க்கட்டும்.

மருந்தாளுநர்

ஊசி பற்றி மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து. மிகவும் ஆபத்தான குழப்பம் எச்.எம்.ஜிக்கும் எச்.சி.ஜிக்கும் நடுவில். இரண்டும் வெள்ளைத் தூள், சிறு குப்பி, கூடவே கரைப்பான் ஆம்பூல். எச்.எம்.ஜி முட்டை இருக்கும் பையை வளர்ப்பது, 75 அல்லது 150 யூனிட்டில் வரும். எச்.சி.ஜி முட்டையை வெளியேற்றுவது, 2,000, 5,000, 10,000 என்று வரும். கையெழுத்துச் சீட்டில் நடு எழுத்து தெளிவில்லை என்றால் யூனிட்டைப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்யாமல் கொடுக்கவே கூடாது.

கலக்கும்போது கரைப்பானைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல இறக்க வேண்டும். குலுக்கக் கூடாது, உருட்டினால் போதும், தூள் நொடியில் கரையும். 5,000 குப்பி இரண்டு போட வேண்டும் என்றால் ஒரே 1 மில்லி கரைப்பானால் முதல் குப்பியைக் கரைத்து, அதே திரவத்தை இரண்டாவதில் விட்டு எடுக்கலாம். கலக்கிய ஊசியை மாற்றி, போடுவதற்குப் புது ஊசி. தசையிலா தோலுக்கடியிலா என்பது பிராண்டைப் பொறுத்தது, பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறையவிடுகிறார்கள். புரத மருந்து உறைந்தால் கெட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. துணியில் சுற்றி வையுங்கள். ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டிலும் வேண்டாம், ஃப்ரீஸரை ஒட்டியும் வேண்டாம். காலிக் குப்பியைத் தூக்கிப் போடாமல் மறுநாள் மையத்துக்கு எடுத்துப்போனால் என்ன போட்டார்கள் என்பதில் விவாதமே வராது.

வார்டு_செவிலி

ஊசி போட்டு நாலஞ்சு நாள்ல வயிறு வீங்கி வர்றவங்களைப் பத்தியும் எழுதுங்க. ‘கேஸ்’னு நினைச்சு ஜெலுசில் குடிச்சிட்டு வீட்லயே இருந்துடுறாங்க.

முட்டை_ஆய்வகம்

சரியாகச் சொன்னீர்கள். சினைப்பை மிகைத் தூண்டலுக்கு அடிப்படையே எச்.சி.ஜிதான். முட்டைப் பைகள் நிறைய இருக்கும் சினைப்பையில் அது வி.ஈ.ஜி.எஃப் என்ற புரதத்தைப் பெருக்கும். ரத்த நாளங்கள் கசியும், நீர் வயிற்றில் சேரும், ரத்தம் கெட்டியாகும். ஊசிக்குப் பின் 3 முதல் 7 நாளுக்குள் வருவது நாம் போட்ட எச்.சி.ஜியால். 10 நாளுக்குப் பிறகு வருவது கரு சுரக்கும் எச்.சி.ஜியால், அதுதான் நீளும், கடுமையாகவும் இருக்கும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றே வர வேண்டும்.

பி.சி.ஓ.எஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கும் முட்டைப் பைகள் மிக அதிகமாக வளர்ந்தவர்களுக்கும் எச்.சி.ஜிக்குப் பதில் டிரிப்டோரெலின் 0.2 மில்லிகிராம் போன்ற அகோனிஸ்ட் ஊசியால் (மூளையடிச் சுரப்பியைத் தூண்டி எல்.எச்சை விடவைப்பது) முதிர வைத்து, கருக்களை உறையவைத்து, அந்த மாதமே கரு வைக்காமல் விடுவது மிகப் பெரிய பாதுகாப்பு. இது ஆன்டகோனிஸ்ட் முறை போல, மூளையடிச் சுரப்பி தூண்டலுக்குப் பதில் தரும் முறைகளில் மட்டுமே பலிக்கும். நீண்ட அகோனிஸ்ட் முறையில் மூளையடிச் சுரப்பி ஏற்கெனவே அடங்கியிருப்பதால் வெளிவிடுவதற்கு எல்.எச்சே இருக்காது. இந்த ஊசி போட்டவர்கள் மறுநாள் கர்ப்ப கிட்டில் பார்த்தால் கோடு விழாது. அவர்களுக்கு ரத்தத்தில் எல்.எச் பார்க்க வேண்டும்.

ஆலோசனை_அறை

மூன்றாவது கேள்வி நிற்கிறது. ‘கரு நிற்க’ என்று வாரம் ஒரு 5,000 யூனிட் ஊசி. பணமும் போகிறது, பயமும் வளர்கிறது. நிறுத்தினால் கலைந்துவிடுமோ என்று 12 வாரம் வரை போட்டுக்கொள்கிறார்கள்.

தாய்சேய்_மருத்துவர்

இதில் நான் தயங்காமல் சொல்வேன்: இயல்பாகக் கருத்தரித்து லேசான ரத்தக்கசிவோடு வருபவருக்கு எச்.சி.ஜி ஊசி கருவைக் காப்பாற்றும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. நன்றாக வளரும் கரு 6ஆம் வாரத்தில் ஆயிரக்கணக்கில் தானே சுரக்கிறது. குரோமோசோம் கோளாறால் நின்றுபோன கருவுக்கு வெளியிலிருந்து எச்.சி.ஜி போட்டால் குரோமோசோம் மாறப்போவதில்லை.

தீங்கும் உண்டு. ஊசிக்குப் பின் எடுத்த பீட்டாவில் ஊசியின் பங்கு எவ்வளவு, கருவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எக்டோபிக்கா இல்லையா என்று சந்தேகத்தில் இருக்கும் பெண்ணுக்கு இது நேரடி ஆபத்து. ஐ.வி.எஃப் செய்தவர்களுக்கோ மிகைத் தூண்டலைக் கிளப்பிவிடும். புரொஜெஸ்ட்ரோன் வேறு விஷயம். முன்பு கருச்சிதைவு ஆகி, இப்போது ரத்தக்கசிவும் இருந்து, ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் கர்ப்பம் உறுதியானவர்களுக்கு மைக்ரோனைஸ்டு புரொஜெஸ்ட்ரோன் 400 மில்லிகிராம் இரண்டு வேளை யோனி வழியாக, இதயத்துடிப்பு தெரிந்தால் 16 வாரம் வரை, என்று பிரிட்டன் வழிகாட்டுதல் 2021 முதல் சொல்கிறது. கசிவே இல்லாத எல்லோருக்கும் அது இல்லை.

மருந்தாளுநர்

எடை குறைக்க எச்.சி.ஜி கேட்டும் வருகிறார்கள். 1954இல் சிமியன்ஸ் என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து சுற்றிவரும் கதை: தினம் 500 கலோரி உணவோடு எச்.சி.ஜி ஊசி. 500 கலோரி சாப்பிட்டால் யாருக்கும் எடை குறையும், ஊசிக்கு அதில் பங்கில்லை. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் போட்டு விந்தணு பூஜ்யமான ஆண்கள் தாமே வாங்கிப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது, விற்கக் கூடாது. ஆண்களில் இதற்கு முறையான இடம் மூளையடிச் சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கு: வாரம் 2 அல்லது 3 முறை 1,500 முதல் 2,000 யூனிட், சில மாதம் கழித்து எஃப்.எஸ்.எச்சும் சேர்த்து. விந்தணு வர 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஆகலாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பில்தான்.

ரத்தமாதிரி

ஆய்வகம் தவறாகச் சொல்லும் இடங்களையும் பதிவு செய்கிறேன், மருத்துவர்கள் போன் செய்து கேட்டால் எங்களால் உதவ முடியும்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில், அதாவது கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு கோளாறாக வளரும் கர்ப்பத்தில், எச்.சி.ஜி பல லட்சம் போகும். சோதனையில் உள்ள இரண்டு எதிர்ப்புரதங்களும் தனித்தனியாக நிரம்பிவிட்டால், ஒரே எச்.சி.ஜியை இரண்டும் இருபுறமும் பிடிக்கும் ‘சாண்ட்விச்’ உருவாகாது. ரிப்போர்ட் குறைவாகவோ இல்லை என்றோ வரும். கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, வாந்தி கடுமை, ஸ்கேனில் பனித்துகள் போல் தெரிகிறது, ஆனால் பீட்டா குறைவு என்றால் ‘மாதிரியை நீர்த்துத் திரும்பப் போடுங்கள்’ என்று சொல்லுங்கள்.

நேர்மாறானது, ரத்தத்தில் 50, 80 என்று அசையாமல் நிற்பதும் சிறுநீரில் ஒன்றுமே இல்லாததும். இது பெரும்பாலும் சோதனையில் குறுக்கிடும் எதிர்ப்புரதம். அளவில் பெரியது என்பதால் சிறுநீரில் இறங்காது. மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்த்தால் எண் அதே விகிதத்தில் குறைய வேண்டும், குறையவில்லை என்றால் அது உண்மையான எச்.சி.ஜி அல்ல. இதைப் பார்க்காமல் புற்றுநோய் மருந்து தொடங்கிய துயரங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மாதவிடாய் நின்றவர்களுக்கு மூளையடிச் சுரப்பியே சிறிது எச்.சி.ஜி சுரக்கும், 14 வரை பார்க்கலாம். முடி வளர என்று அதிக அளவு பயோட்டின் சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் எண் பொய்யாகக் குறையும். ரத்தம் கொடுக்குமுன் இரண்டு மூன்று நாள் நிறுத்தச் சொல்லுங்கள்.

தாய்சேய்_மருத்துவர்

முத்துப்பிள்ளை என்றதும் ஒன்று சேர்க்க வேண்டும். அதை அகற்றிய பின் வாராவாரம் பீட்டா, இயல்பாகும் வரை விடக் கூடாது. மூன்று வாரத்தில் எடுத்த நான்கு எண்கள் 10 சதவீத வித்தியாசத்துக்குள் அப்படியே நின்றாலோ, இரண்டு வாரத்தில் எடுத்த மூன்று எண்கள் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ புற்றாக மாறுகிறது என்று பொருள். நடுவில் புதுக் கர்ப்பம் தரித்தால் இந்தக் கணக்கே குலைந்துவிடும், ஆகவே கருத்தடை கட்டாயம். இந்தப் புற்று மருந்துக்கு மிக நன்றாக அடங்கும், பின்னர் குழந்தையும் பெறலாம். கைவிட்டுப் போவது தொடர்ந்து வராதவர்களிடம்தான்.

வார்டு_செவிலி

எக்டோபிக்குக்கு மெத்தோட்ரெக்ஸேட் போட்டு நாலாவது நாள் பீட்டா ஏறியிருந்தா வீட்டுக்காரங்க ரொம்ப சண்டை போடுறாங்க டாக்டர். அவங்களுக்கு எப்படிச் சொல்றது?

தாய்சேய்_மருத்துவர்

ஊசி போடும்போதே சொல்லிவிட வேண்டும், சிஸ்டர்: ‘நாலாம் நாள் எண் ஏறலாம், அது எதிர்பார்த்ததுதான்.’ உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் ஒரு ஊசி. 4ஆம் நாள் எண்ணையும் 7ஆம் நாள் எண்ணையும்தான் ஒப்பிடுகிறோம், முதல் நாளை அல்ல. 4ஆம் நாள் 2,400 என்றால் 7ஆம் நாள் 2,040 அல்லது அதற்குக் கீழே, அதாவது 15 சதவீதம், இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இரண்டாவது ஊசி. பிறகு எண் மறையும் வரை வாராவாரம். ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், அது மருந்தின் வேலையை முறிக்கும். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை வேண்டாம், தாம்பத்தியம் வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 3 மாதம் இடைவெளி.

எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் கருக்குழாய் வெடிக்கலாம் என்பதை வீட்டுக்காரர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள். திடீர் வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் அடுத்த பீட்டா நாளுக்குக் காத்திராமல் இரவானாலும் வர வேண்டும். தனியாக விடக் கூடாது, அறுவை வசதி உள்ள மருத்துவமனை எது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகை மோதலைத் தடுப்பது) போட்டாயிற்றா என்பதையும் அதே தாளில் குறித்து அனுப்புங்கள்.